ஊழியருக்குச் சபை கொடுக்கவேண்டியது: எட்டு வார இணையவழிப் பாடம் ஒன்றைப் பற்றிய மதிப்புரை

எங்கள் சபையின் போதகர் பதினொரு ஆண்டுகளாகப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே எங்களை மேய்த்து வந்தவர். அவரை முழுநேர ஊழியத்திற்கு அழைக்கலாமா, அழைத்தால் அவருடைய குடும்பத்தின் பிழைப்பை எந்த முறையில் தாங்குவது என்ற கேள்வி மூப்பர் கூட்டத்தில் எழுந்தபோது, ஒருவர் அப்போஸ்தலனாகிய பவுலின் கூடாரத் தொழிலைச் சுட்டிக்காட்டினார், மற்றொருவர் பழைய ஏற்பாட்டில் ஆலயப் பணிக்கென்று ஒதுக்கப்பட்ட லேவியருக்குக் கொடுக்கப்பட்ட தசமபாகத்தை, அதாவது பத்தில் ஒரு பங்கைச் சுட்டிக்காட்டினார், கூட்டம் முடிவின்றிக் கலைந்தது. சபையின் கணக்கைப் பார்ப்பவன் என்ற பொறுப்பு என்மேல் இருந்ததால், இந்தப் பொருளை மட்டுமே எடுத்துக்கொண்டு நடத்தப்படும் எட்டு வார இணையவழிப் பாடம் ஒன்றில் மற்றொரு மூப்பருடன் நானும் சேர்ந்தேன். இப்போது அந்தப் பாடத்தை முடித்திருக்கிறோம். இதே கேள்வியோடு நிற்கும் சபைகளுக்குப் பயன்படும் என்பதால், அதில் கிடைத்ததையும் கிடைக்காததையும் இங்கே பதிவு செய்கிறேன்.

வாரத்திற்கு ஒரு பதிவுசெய்யப்பட்ட விரிவுரை, அதற்கான பயிற்சி ஏடு, வார இறுதியில் ஒரு மணி நேரக் கலந்துரையாடல் என்பதே பாடத்தின் அமைப்பு. கற்பிப்பவர்கள் இருவர். ஒருவர் நெடுங்காலம் முழுநேரப் போதகராக இருந்தவர். மற்றவர் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஞாயிறுதோறும் பிரசங்கிப்பவர். இருவரும் தங்கள் தங்கள் வழியே சரியானது என்று நிலைநாட்ட வந்தவர்கள் அல்லர் என்பது முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது. பாடத்திற்குக் கட்டணம் இல்லை. முடித்தவர்கள் விருப்பப்பட்டால் காணிக்கை அனுப்பலாம் என்று மட்டும் சொல்கிறார்கள். அப்படி வந்த காணிக்கை எப்படிச் செலவானது என்ற ஆண்டுக் கணக்கைச் சேருகிற ஒவ்வொருவருக்கும் தொடக்கத்திலேயே அனுப்பிவிடுகிறார்கள். மற்றவர்களுக்குக் கற்பிப்பதைத் தாங்களே கடைப்பிடிக்கிறார்கள் என்பதற்காகவே அவர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டானது.

பாடத்தின் உயிர்நாடி இரண்டாம், மூன்றாம் வாரங்களில் இருக்கிறது. அவை பவுல் கொரிந்து பட்டணத்தில் தங்கியிருந்த ஒன்றரை ஆண்டுக் காலத்தை எடுத்துக்கொள்கின்றன. அப்போஸ்தலர் நடபடிகள் 18-ஆம் அதிகாரத்தில் பவுல், ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் ஆகியோருடன் தங்கிக் கூடாரத் தொழில் செய்கிறார் என்பதை நாம் எல்லாரும் அறிவோம். வேலை செய்துகொண்டே ஊழியம் செய்யவேண்டும் என்று வாதாடுவோர் இந்த வசனத்தோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. விரிவுரையாளர் அங்கே நிறுத்தவில்லை. இரண்டு வசனங்களுக்குப் பிறகு மக்கெதோனியாவிலிருந்து சீலாவும் தீமோத்தேயுவும் வந்து சேர்கிறார்கள். பழைய கையெழுத்துப் படிகள் பலவற்றின் வாசிப்பின்படி, அதன் பிறகு பவுல் வசனத்தைப் போதிப்பதிலேயே முழுவதும் ஈடுபட்டார். அவர்கள் வெறுங்கையோடு வரவில்லை என்பதற்கு 2 கொரிந்தியர் 11:9 சாட்சி: பவுலின் குறைவை மக்கெதோனியாவிலிருந்து வந்த சகோதரர் நிறைவாக்கினார்கள் என்று பவுலே எழுதுகிறார். அதற்கு முந்திய வசனத்தில், மற்றச் சபைகளிடத்தில் சம்பளம் பெற்றே கொரிந்தியருக்கு ஊழியம் செய்ததாகச் சொல்லும்போது அவர் பயன்படுத்தும் கிரேக்கச் சொல், போர்வீரனின் படிச்சம்பளத்தைக் குறிக்கும் சொல். ஆகவே கொரிந்துவில் பவுல் தொழிலும் செய்தார், சம்பளமும் பெற்றார். ஆனால் அந்தச் சம்பளத்தைக் கொரிந்து சபையிடமிருந்து பெறவில்லை.

தெசலோனிக்கேயிலும் இதே இரட்டை நிலைதான். அங்கே இரவும் பகலும் வேலை செய்ததாக 1 தெசலோனிக்கேயர் 2:9 சொல்கிறது. அதே தெசலோனிக்கேயில் இருந்தபோது பிலிப்பி சபையார் ஒருமுறை மட்டுமல்ல, மறுபடியும் அவருடைய தேவைக்கு அனுப்பினார்கள் என்று பிலிப்பியர் 4:16 சொல்கிறது. இந்த இரு வசனங்களையும் அருகருகே வைத்துக் காட்டியபோது, எங்கள் மூப்பர் கூட்டத்தில் நடந்த விவாதத்தில் இரு தரப்பாரும் ஒரே மனிதரின் வாழ்க்கையைப் பாதி பாதியாகப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பது எனக்கு விளங்கியது. தொழில் செய்வதா, ஆதரவு பெறுவதா என்று இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளும்படி பவுல் யாரையும் கேட்கவில்லை. ஓரிடத்தில் பெறுவதும் மற்றோரிடத்தில் பெறாதிருப்பதும் அந்தந்தச் சபையில் சுவிசேஷத்திற்கு எது தடையாக நிற்கும் என்பதைப் பொறுத்திருந்தது.

மூன்றாம் வாரம் முழுவதும் 1 கொரிந்தியர் 9-ஆம் அதிகாரம். போர்வீரன், திராட்சத்தோட்டம் போடுகிறவன், மந்தையை மேய்க்கிறவன் என்று 7-ஆம் வசனத்தில் வரும் மூன்று உவமைகள், “போரடிக்கிற மாட்டை வாய் கட்டாயாக” என்ற உபாகமக் கட்டளை, தேவாலயத்தில் பணிவிடை செய்கிறவர்கள் அந்தத் தேவாலயத்திலிருந்தே புசிக்கும் வழக்கம், கடைசியாகக் கர்த்தருடைய கட்டளை என்று பவுல் ஊழியரின் உரிமையைப் படிப்படியாக நிறுவிக்கொண்டே போகிறார். சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தினாலே பிழைப்பு உண்டாகவேண்டும் என்று 14-ஆம் வசனத்தில் முடித்துவிட்டு, அடுத்த வசனத்திலேயே, தான் இவற்றில் ஒன்றையும் அனுபவிக்கவில்லை என்கிறார். விட்டுக்கொடுக்கப்போகிற உரிமைக்கு இவ்வளவு நீண்ட வாதம் எதற்கு என்று விரிவுரையாளர் கேட்ட கேள்விதான் இந்தப் பாடத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி. உரிமை உறுதியாக இருந்தால்தான் அதை விட்டுக்கொடுப்பது ஈகையாகும். உரிமையே இல்லாதவன் விட்டுக்கொடுப்பதற்கு அவனிடத்தில் எதுவும் இல்லை.

அதிலிருந்து நான் வந்துசேர்ந்த முடிவை விரிவுரையாளர் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லவில்லை; ஆயினும் சொல்லாமல் இருக்க என்னால் இயலவில்லை. விட்டுக்கொடுத்தவர் பவுல். விட்டுக்கொடுக்கும்படி கொரிந்து சபை அவருக்குத் தீர்மானம் நிறைவேற்றவில்லை. கொடுக்கும் கடமை சபையினுடையது, வேண்டாம் என்று சொல்லும் சுதந்தரம் ஊழியருடையது. இவை இரண்டும் இடம் மாறும்போது, அதாவது ஊழியரின் தியாகத்தைச் சபை முன்கூட்டியே தன் வரவுசெலவுத் திட்டத்தில் சேமிப்பாக எழுதிக்கொள்ளும்போது, பவுலின் முன்மாதிரி என்ற பெயரில் பவுல் வாதாடி நிறுவியதே மறுக்கப்படுகிறது. எங்கள் சபையில் நடந்தது இதுதான் என்று வருத்தத்தோடு எழுதுகிறேன். போதகருக்கு வேலை இருக்கிறது, ஆகவே அவருக்கு எதுவும் தேவையில்லை என்று பதினொரு ஆண்டுகள் நாங்கள் எண்ணிக்கொண்டோம், அவரும் கேட்கவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்வதற்குரிய வாய்ப்பைக்கூட நாங்கள் கொடுக்கவில்லை என்பதை அந்த விரிவுரையைக் கேட்டுக்கொண்டிருந்த இரவில்தான் உணர்ந்தேன்.

இந்த அதிகாரத்தில் பாடம் கடந்துபோன ஒரு வசனம் உண்டு. மற்ற அப்போஸ்தலரும், கர்த்தருடைய சகோதரரும், கேபாவும் (பேதுருவும்) மனைவியைக் கூட்டிக்கொண்டு திரிகிறதுபோலத் தனக்கும் அதிகாரம் இல்லையா என்று பவுல் 5-ஆம் வசனத்தில் கேட்கிறார். சபைகளின் ஆதரவு ஊழியர் ஒருவருக்கு மட்டுமானதாக இராமல் அவருடைய வீட்டாரையும் உள்ளடக்கியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மனைவி, பிள்ளைகள், முதுமை, நோய், ஊழியர் இறந்தபின் அவருடைய விதவை எங்கே குடியிருப்பார் என்ற கேள்வி ஆகிய அனைத்தும் இந்த ஒரு வசனத்திலிருந்து தொடங்கியிருக்கலாம். எட்டு வாரங்களில் இவற்றுக்கென்று ஒரு மணி நேரம்கூட ஒதுக்காதது இந்தப் பாடத்தின் பெரிய குறை.

நான்காம் வாரம் லேவியரைப் பற்றியது. எண்ணாகமம் 18-ஆம் அதிகாரத்தில் லேவியருக்கு நிலச் சுதந்தரம் மறுக்கப்பட்டு, அதற்கு ஈடாகத் தசமபாகம் கொடுக்கப்படுகிறது. அந்தத் தசமபாகத்தில் பத்தில் ஒரு பங்கை அவர்களும் செலுத்தவேண்டும். பழைய ஏற்பாட்டின் ஆசாரிய முறையை அப்படியே புதிய ஏற்பாட்டுச் சபையின்மேல் ஏற்றக்கூடாது என்ற எச்சரிக்கையை விரிவுரையாளர் சரியாகவே தந்தார். ஆனால் நான் நெடுநேரம் நின்றது நெகேமியா 13-ஆம் அதிகாரத்தில். லேவியருக்குரிய பங்குகள் கொடுக்கப்படாததால் அவர்கள் தங்கள் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போயிருந்தார்கள். எருசலேமின் ஆளுநராக இருந்த நெகேமியா திரும்பி வந்து பார்த்தபோது கடிந்துகொண்டது ஓடிப்போனவர்களை அல்ல, தலைவர்களை. அதோடு நிற்காமல், உண்மையுள்ளவர்களென்று எண்ணப்பட்ட ஓர் ஆசாரியனையும், ஒரு வேதபாரகனையும், ஒரு லேவியனையும், அவர்களுக்குத் துணையாக மற்றொருவனையும் பண்டசாலைகளுக்குப் பொறுப்பாளர்களாக நியமித்தார். கொடுப்பதற்கு ஏற்பாடு செய்த அதே நாள்களில் பங்கிடுவதற்கும் நால்வரை ஏற்பாடு செய்தார் என்பது கணக்குப் பார்க்கும் எனக்கு மிகவும் ஆறுதலான செய்தி.

ஐந்தாம் வாரத்தில் “இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்” என்ற வசனம் எடுத்துக்கொள்ளப்பட்டது. அதே பேச்சில், இரண்டு வசனங்களுக்குப் பின், வேலையாள் தன் ஆகாரத்துக்குப் பாத்திரனாயிருக்கிறான் என்று அதே ஆண்டவர் சொல்லியிருப்பதைக் காட்டி, சுவிசேஷத்திற்கு விலை வைப்பது வேறு, சுவிசேஷகனைத் தாங்குவது வேறு என்று சுருக்கமாக விளக்கினார்கள். அது போதுமானது. இயேசுவையும் பன்னிருவரையும் தங்கள் ஆஸ்திகளால் தாங்கிய மகதலேனா மரியாள், கூசாவின் மனைவி யோவன்னாள், சூசன்னாள் முதலியோரை லூக்கா 8-ஆம் அதிகாரத்திலிருந்து நினைவூட்டியது அழகாக இருந்தது.

ஆறாம் வாரத்து வரலாற்று விரிவுரை தொடங்கிய விதம் சிறப்பு. அப்போஸ்தலர் காலத்தை அடுத்து எழுந்த, 1873-இல் கண்டெடுக்கப்பட்ட திதாக்கே என்னும் சிறு நூல், வந்து தங்கும் ஊழியரைச் சோதித்தறியச் சொல்லும் முறை அதில் விளக்கப்படுகிறது: ஒரு நாள், தேவையானால் இரண்டு நாள் தங்கலாம், மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி, புறப்படும்போது பணம் கேட்டாலும் அப்படியே. ஆனால் அதே நூல், சபையோடு நிலையாகத் தங்க விரும்பும் உண்மையான தீர்க்கதரிசி தன் ஆகாரத்துக்குப் பாத்திரன் என்றும், முதற்பலன்களை அவனுக்குக் கொடுக்கவேண்டும் என்றும் சொல்கிறது. ஏமாற்றுக்காரர்களுக்கு அஞ்சிக் கொடுப்பதையே நிறுத்திவிடாமல், சோதித்துக் கொடுக்கக் கற்ற அந்தப் பழைய சபையின் நிதானம் நமக்கு இல்லை.

அதற்குப் பின் அந்த விரிவுரை ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. இங்கிலாந்தில் போதகராக இருந்த ஜார்ஜ் முல்லர் 1830-இல் நிலையான சம்பளத்தையும், சபையில் இருக்கைகளுக்கு வாங்கப்பட்ட வாடகையையும் கைவிட்டதை விரிவாகச் சொன்னார்கள். அவரைச் சம்பளத்திற்கே எதிரானவர் என்பதுபோலக் காட்டியது சரியன்று. பணக்காரன் நல்ல இருக்கையிலும் ஏழை ஒதுக்குப்புறத்திலும் உட்காரும்படி செய்த முறையையும், மனமில்லாமல் கொடுக்கப்படும் பணத்தையும் அவர் மறுத்தார். விருப்பமுள்ளோர் காணிக்கை போடுவதற்கு ஒரு பெட்டியை வைத்து, அதில் வந்ததைக்கொண்டு வாழ்ந்தார். அவர் விட்டது ஆதரவின் ஒரு வடிவத்தை மட்டுமே. மறுபுறத்தில், தொழில் செய்து ஊழியம் செய்தவர்களில் மிகச் சிறந்த சான்றுகள் விடுபட்டுப்போயின. 1732-இல் கரீபியக் கடலின் புனித தாமஸ் தீவுக்குப் புறப்பட்ட மொராவிய மிஷனரிகள் இருவரில் லியோன்ஹார்ட் டோபர் குயவர், டேவிட் நிட்ஷ்மான் தச்சர். செருப்புத் தைக்கும் தொழிலிலிருந்து வந்த வில்லியம் கேரி, வங்காளத்தில் முதலில் அவுரிச் சாயத் தொழிற்சாலை ஒன்றை நிர்வகித்தார். 1801 முதல் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மொழி கற்பித்தார். அவருடைய ஊதியமும், உடன் ஊழியர்களான மார்ஷ்மன் நடத்திய பள்ளிகளின் வருவாயும், வார்டு பொறுப்பேற்றிருந்த அச்சகத்தின் வருவாயும் செராம்பூரில் பொதுப் பணப்பையில் சேர்ந்தன. கேரியை முழுநேர ஊழியர் என்பதா, பகுதிநேர ஊழியர் என்பதா? இந்தக் கேள்வியைக் கலந்துரையாடலில் எழுப்பினேன். நேரம் முடிந்துவிட்டது என்று நெறியாளர் அடுத்த வாரத்திற்கு ஒத்திவைத்தார், அடுத்த வாரத்தில் அது எடுக்கப்படவில்லை. முழுநேரம் என்ற சொல்லை மணிக்கணக்கில் அளக்கமுடியாது என்பதை அந்த ஒரு வாழ்க்கையைக் கொண்டே கற்பித்திருக்கலாம்.

ஏழாம் வாரம் எனக்கு நிறைவளிக்கவில்லை. ஊழியத்தைத் தாங்குவோருக்கு மாதந்தோறும் எழுதவேண்டிய ஜெபக் கடிதத்தை எப்படி அமைப்பது, கொடுப்பதை நிறுத்தியவரை எப்படி மறுபடி அணுகுவது என்பவற்றிலேயே பெரும்பகுதி கழிந்தது. தொலைவான இடத்தில் ஊழியம் செய்வோருக்கு அந்தப் பயிற்சி தேவை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊழியர் தன் பிழைப்புக்காகத் தானே ஒவ்வொருவரையும் அணுகவேண்டியிருப்பது, அவருடைய நாவைக் கட்டக்கூடிய மிக நுட்பமான கயிறு என்ற ஆபத்து பேசப்படவே இல்லை. அதிகமாகக் கொடுக்கிறவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, அவருடைய வியாபார முறையைத் தொடும் வசனத்தைப் பிரசங்கிக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? பவுல் கொரிந்துவில் சம்பளம் பெறாததற்கு இதையொத்த காரணம் இருந்திருக்கக்கூடும் என்று வேத அறிஞர் பலர் எழுதியிருக்கிறார்கள். செல்வந்தர் ஒருவரின் ஆதரவை ஏற்கும் போதகன் அவருக்குக் கட்டுப்பட்டவன் என்று கருதப்பட்ட பட்டணம் அது. அங்கே தான் சுமையாக இராததைக் குறித்து, “இந்த அநியாயத்தை எனக்கு மன்னியுங்கள்” என்று பவுல் பின்னர் எழுதவேண்டியதாயிற்று. கொடுப்பவர் யார், எவ்வளவு என்பது போதகருக்குத் தெரியாதபடி, சபையின் பொதுக் காணிக்கையிலிருந்து நிலையான தொகை அவருக்குச் சென்று சேர்வதே இந்தக் கயிற்றை அறுக்கும் வழி என்று நான் நம்புகிறேன். இதில் என்னோடு வந்த மூப்பருக்கு உடன்பாடு இல்லை. நிலையான தொகை ஊழியரைக் கூலியாளாக்கிவிடும் என்பது அவருடைய அச்சம். யோவான் 10-இல் கூலியாள் என்று இகழப்படுகிறவன் ஓநாய் வரும்போது ஆடுகளை விட்டு ஓடுவதால்தான் அப்படி அழைக்கப்படுகிறான் என்பது என் பதில்.

எட்டாம் வாரம் கணக்கைப் பற்றியது. எருசலேமின் ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டுபோகும்போது, சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட ஒருவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டதாகவும், கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுவதாகவும் பவுல் 2 கொரிந்தியர் 8-இல் எழுதியிருப்பதை அடிப்படையாகக்கொண்டு, இரட்டைக் கையொப்பம், ஆண்டுத் தணிக்கை, போதகரும் அவருடைய உறவினரும் பண நிர்வாகத்தில் இராமை ஆகியவற்றை வலியுறுத்தினார்கள். ஒவ்வொரு வார்த்தையையும் ஏற்கிறேன். இதோடு தரப்பட்ட வினாப்படிவம் இந்தப் பாடம் தரும் பொருள்களில் மிகப் பயனுள்ளது. போதகர் வாரத்தில் எந்த நாளில் எந்த நேரத்தில் என்ன செய்கிறார், எந்த ஊழியம் செய்யப்படாமல் நிற்கிறது, அவருடைய குடும்பத்தின் மாதத் தேவை என்ன, அதில் எவ்வளவு எங்கிருந்து வருகிறது என்று இருபதுக்கும் மேற்பட்ட கேள்விகள் அதில் உள்ளன. அதை நிரப்பியபோதுதான், எங்கள் போதகரின் பிரசங்கத்தில் குறை எதுவும் இல்லை, குறை வாரநாள்களின் பகலில் இருக்கிறது என்று கண்டோம். மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவரோடு காலை வேளையில் இருந்து ஜெபிக்கவும், வேலை இழந்து வீட்டில் அடைந்துகிடக்கும் இளைஞனோடு நிதானமாகப் பேசவும், பகல் பொழுதில் விடுதலையாக இருக்கும் ஒருவர் தேவை. பந்திவிசாரணையை, அதாவது உணவு பங்கிடும் பணியை, எழுவரிடம் ஒப்படைத்துவிட்டு ஜெபத்திலும் வசனத்தைப் போதிப்பதிலும் இடைவிடாமல் தரித்திருப்போம் என்று அப்போஸ்தலர் சொன்னதன் பொருள் எனக்கு அங்கே புரிந்தது.

யாருக்கு இந்தப் பாடத்தைப் பரிந்துரைப்பேன் என்றால், மூப்பர்களுக்கும் சபைப் பொருளாளர்களுக்கும் முதலில். ஊழியத்திற்கு வர எண்ணும் இளைஞர்களுக்கு அதற்கு அடுத்ததாக. போதகர்கள் தனியாக வந்து சேருவதில் பயன் குறைவு, ஏனெனில் தங்கள் உரிமையைத் தாங்களே சபைக்கு விளக்கவேண்டிய சங்கடத்தில் அவர்கள் நிற்பார்கள். நேரம் குறைவாக உள்ளவர்கள் இரண்டு, மூன்று, எட்டு ஆகிய வாரங்களை மட்டும் பார்க்கலாம். ஊழியம் செய்பவர்களுக்குச் சம்பளமே கூடாது என்ற உறுதியோடு வருபவர்களுக்கும், எல்லா ஊழியரும் உலக வேலையை விட்டே ஆகவேண்டும் என்ற உறுதியோடு வருபவர்களுக்கும், இதில் தங்கள் தரப்புக்கு வேண்டிய வசனங்கள் கிடைக்கும். மறுதரப்பின் வசனங்களையும் இருந்து கேட்கும் பொறுமை வேண்டும்.

பாடம் முடிந்த பின் அந்த வினாப்படிவத்தை மூப்பர் அனைவரும் சேர்ந்து இரண்டாம் முறை நிரப்பினோம். 1 கொரிந்தியர் 9:5 என் மனத்தில் இருந்ததால், இம்முறை போதகரோடு அவருடைய மனைவியையும் அழைத்து உட்காரவைத்தோம். போதகர் ஒவ்வொரு கேள்விக்கும் தேவைகள் எல்லாம் சந்திக்கப்படுகின்றன என்றே பதில் சொன்னார். மருத்துவக் காப்பீட்டைப் பற்றிய கேள்வி வந்தபோது அவருடைய மனைவி தயங்கி, பிறகு மெதுவாக, அது காலாவதியாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன, பிள்ளைகளின் படிப்புக் கட்டணத்திற்காகப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டோம் என்றார். அந்த வாரமே அதைப் புதுப்பித்தோம். முழுநேர அழைப்பைப் பற்றிய பேச்சை அதற்குப் பின்தான் தொடங்கினோம்.